களவறிந்து காத்தல்: இணையக் கருவிகளைச் சோதிக்குங் கலையின் வரலாறு

காவலும் களவும் உடன்வளர்ந்த கலைகள். கள்வன் அறிந்தவற்றைக் காவலன் அறியாதிருப்பானாயின் ஊருக்குக் காவல் இல்லை. இவ்வுண்மையைப் பழந்தமிழர் நன்குணர்ந்திருந்தனர். மதுரை மாநகரின் நள்ளிரவைப் பாடும் மதுரைக்காஞ்சி, நூலேணியுங் கூர்வாளுங் கொண்டு இருளில் ஒதுங்கி நிற்குங் கள்வரையும், அவர்தம் போக்கினை நூன்முறையாற் கற்றறிந்து மடக்கும் ஊர்காப்பாளரையும் ஒருங்கே காட்டுகின்றது. சிலப்பதிகாரத்திலோ களவு நூல் கூறும் எண்வகைத் துணைகளையும் விரித்துரைப்பவன் காவலன் அல்லன். சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே அவன். காவலனிடத்து நகரைக் காத்த அறிவு, பொற்கொல்லனிடத்துக் குற்றமற்ற ஒருவனின் உயிரைக் குடித்தது. அறிவு ஒன்றாயிருப்பவும், அதனைக் கைக்கொண்டாரின் நெறியே பயனை வேறுபடுத்துகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இப்பழைய வினா இக்காலத்திற் புதியதோர் உருவில் எழுந்துள்ளது. வீட்டு வாயிலை நோக்கும் கமரா, விரலாற் தொட்டுத் திறக்கும் பூட்டு, குழந்தையின் தொட்டிலருகே வைக்கப்படும் ஒலிவாங்கி, வீதியில் ஓடும் மோட்டார் வண்டி, நோயாளியின் மார்பினுள் வைக்கப்படும் இதயமுடுக்கி ஆகிய இவை யாவற்றினுள்ளும் இன்று சிறு கணினி ஒன்று அமைந்துள்ளது. அக்கணினிகளுட் பல இணையத்தோடு தொடர்புடையன. எனவே, தொலைவிலுள்ள ஒருவன் அவற்றை அணுகவும், வழி தவறினால் ஆளவும் இடமுண்டாகின்றது. இக்கருவிகளின் குற்றங்குறைகளை உரியவரின் உடன்பாட்டோடு ஆராய்ந்து வெளிப்படுத்துங் கலையே நெறிசார் ஊடுருவல் எனப்படுவது. 'ஹக்கிங்' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, இது களவன்றோ, இதனை மாணாக்கருக்குக் கற்பிக்கலாமோ என்று பெற்றாரும் ஆசிரியரும் ஐயுறுகின்றனர். அவ்வையம் இயல்பானதே. ஆயினும் அது புதியதன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதே ஐயம் பல களங்களில் எழுந்து ஆராயப்பட்டுள்ளது. அவ்வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினாவின் விடையும் புலனாகும்.

1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பெருங் கண்காட்சி நடைபெற்றது. அக்காலத்தில் இங்கிலாந்தின் பூட்டுகளை வெல்வார் இல்லை என்பது அந்நாட்டவரின் உறுதியான நம்பிக்கை. யோசேப்பு பிராமா என்பார் 1784 இல் உரிமைப்பத்திரம் பெற்ற பூட்டின் வகையைச் சேர்ந்த ஒன்று, அவர்தம் நிறுவனத்தின் கடைச் சாளரத்திற் பல ஆண்டுகளாகத் தொங்கியது. திறவுகோலின்றி அதனைத் திறப்பார்க்கு 200 கினி பரிசு என அதன்மேல் எழுதப்பட்டிருந்தது. ஜெரமையா சப் என்பார் 1818 இல் ஆக்கிய மற்றொரு பூட்டோ, யாரேனும் தீண்டினால் அத்தீண்டலையே உரியவனுக்கு உணர்த்தும் பொறியினை உடையது. கண்காட்சிக்கு வந்திருந்த அல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர், சான்றோர் பலர் முன்னிலையிற் சப் நிறுவனத்தின் பூட்டினை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பின்னர்ப் பிராமாவின் பூட்டினையும் எடுத்துக்கொண்டு, 16 நாட்களிற் பரந்த 51 மணிநேர உழைப்பினால் அதனையுந் திறந்தார்; பரிசினையும் பெற்றார்.

இச்செயல் பெரும் பூசலை விளைத்தது. பூட்டின் குறையை ஊரறியக் காட்டுதல் கள்வருக்குப் பாடஞ் சொல்லுதல் அன்றோ எனப் பலர் கடிந்தனர். ஹொப்சின் குறிப்புகளைக் கொண்டு சார்ள்ஸ் தொம்லின்சன் பதிப்பித்த நூல் 1853 இல் வெளிவந்தது. கள்வர் தம் தொழிலிற் கூர்த்த மதியினர். பிறர் கற்பிக்குமளவுங் காத்திருப்பவரல்லர். குறையை மறைத்தலால் அதனை அறியாது போகின்றவர் பூட்டை நம்பிப் பொருளை வைத்த நேர்மையாளரே என்பது அந்நூல் கூறிய மறுமொழியின் சாரம். ஹொப்ஸின் நடத்தையில் நோக்கத்தக்கது பிறிதொன்றும் உண்டு. அவர் இரவில் எவர் வீட்டுக் கதவையுந் தீண்டினாரல்லர். உரியவர் தாமே விடுத்த அறைகூவலை ஏற்று, நடுவர் வகுத்த விதிகளுக்கு அமைந்து தம் தொழிலைச் செய்தார். பிற்காலத்து நெறிசார் ஊடுருவலுக்கு இதுவே முன்மாதிரி எனலாம்.

ஹொப்ஸ் தொழிலாற் காட்டியதனை ஆசிரியர் ஒருவர் கொள்கையாக வகுத்தார். பாரிசு நகரில் மொழியாசிரியராக விளங்கிய ஒகுஸ்த் கெர்க்கோவ்ஸ் என்பார், படைத்துறை மறையெழுத்துப் பற்றி 1883 இல் எழுதிய கட்டுரையில், ஒரு மறைமுறையின் அமைப்புப் பகைவர் கையிற் சிக்கினும் அதனால் இடர் நேராதிருத்தல் வேண்டும் என விதித்தார். இரகசியமாயிருக்க வேண்டியது திறவுகோல் ஒன்றே, பூட்டின் அமைப்பன்று. அமைப்பை மறைப்பதனாலேயே வலிமை பெறும் பூட்டு உண்மையில் வலிமையற்றது. இக்கொள்கை இற்றை நாள்வரை மறைகுறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பூசல் கம்பியில்லாத் தந்தியைச் சூழ்ந்து எழுந்தது. தம் செய்திகளைப் பிறர் இடைமறித்தல் இயலாது என மார்க்கோனியின் தரப்பினர் கூறிவந்தனர். 1903 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசன் மண்டபத்திற் பேராசிரியர் பிளெமிங் சொற்பொழிவாற்றினார். கோர்ண்வாலிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியை அவையோர்க்குக் காட்டுவது அவர் நோக்கம். அச்செய்தி வந்துசேருமுன்னரே அங்கிருந்த வாங்கி தானாக இயங்கி, 'எலிகள்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பொறித்தது. மார்க்கோனியை எள்ளும் வரிகளும் அதனைத் தொடர்ந்தன. அவற்றை அனுப்பியவர் நெவில் மஸ்கெலின் என்னும் செப்படி வித்தைக்காரர். பிளெமிங் இதனை அறிவியற் காழ்ப்பு எனப் பத்திரிகையிற் கண்டித்தார். மஸ்கெலினோ, பொதுமக்கள் நலன் கருதியே பொய்ம்மையை வெளிப்படுத்தினேன் என மறுமொழி விடுத்தார்.

மஸ்கெலின் காட்டிய குறை மெய்யானதே. ஆயினும் அவர் செயலை ஹொப்சின் செயலோடு ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தாது. மார்க்கோனியின் போட்டியாளரான கடலடித் தந்தி நிறுவனமொன்று அவரை அமர்த்தியிருந்தது. அவர் எவர் உடன்பாட்டையும் பெற்றிலர். பிறர் அவையை இடைமறித்தார். உண்மையைச் சொன்னாரேனும், சொன்ன முறையினால் அவ்வுண்மைக்கே மாசு கற்பித்தார். மெய்யான குறையைக் கண்டறிதல் ஒன்று. அதனை முறையாக வெளிப்படுத்துதல் பிறிதொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த இடர்களே பிற்கால வரலாற்றிற் பலவாகும்.

கணினிகள் பெருகிய காலத்திற் சோதனை என்பது ஒழுங்கமைந்த தொழிலாயிற்று. ஒரு கணினியைப் பலர் ஒரே காலத்திற் பயன்படுத்தும் முறை அமெரிக்காவில் 1960 களிற் பரவியபொழுது, ஒருவர் பதிவுகளை மற்றொருவர் காணாது காப்பது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. அந்நாட்டு விமானப்படையைச் சேர்ந்த கார்கர், ஷெல் என்னும் இருவர், காவல் மிக்கதெனப் பெயர்பெற்ற மல்டிக்ஸ் என்னும் அமைப்பினை ஊடுருவிச் சோதித்து, அதன் குறைகளை 1974 இல் அறிக்கையாக வெளியிட்டனர். இத்தகைய குழுவினர் 'புலிக்குழு' எனப்பட்டனர். அரசே தன் கோட்டையைத் தாக்குமாறு தன் வீரரைப் பணித்தமை கருதத்தக்கது. பின்னர், 1988 இல் மொரிஸ் புழு எனப்பட்ட நிரலொன்று இணையத்திற் பரவிப் பல கணினிகளைச் செயலிழக்கச் செய்தபொழுது, குறைகளை ஓரிடத்தில் அறிவித்துத் திருத்துதற்கென அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. இலங்கையிலும் இத்தகைய பணிக்கென 2006 இல் ஓர் அமைப்பு உருவாயிற்று.

இதுகாறுங் கூறப்பட்டவற்றுட் பணயமாக நின்றவை பொருளும் செய்தியுமே. கருவிகள் இணையத்தோடு தொடுக்கப்பட்ட பின்னர், மனித உடலும் உயிருமே பணயமாயின. 2008 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளரும் மருத்துவரும் ஒன்றுகூடி, மார்பினுட் பதிக்கப்படும் இதயக் கருவியொன்றை ஆய்வுகூடத்திற் சோதித்தனர். அக்கருவி வானலை வழியாக நோயாளியின் விவரங்களை வெளியிடுவதையும், அயலார் அதன் சிகிச்சை ஒழுங்கை மாற்றக்கூடியதாயிருந்ததையும் அவர்கள் காட்டினர். எந்த நோயாளியின் உடலிலும் அச்சோதனை செய்யப்படவில்லை. 2011 இல் நீரிழிவு நோயினரான ஜே ராட்கிளிவ் என்பார், தாம் நாள்தோறும் அணியும் இன்சுலின் ஏற்றியையே சோதித்து, அதனைத் தொலைவிலிருந்து பிறர் ஆளக்கூடும் என்பதை அறிஞர் அவையில் வெளிப்படுத்தினார். தம் உடைமையைத் தாமே சோதித்தமையால் அவர் எவர் உரிமையையும் மீறினாரல்லர். தம் உயிரையே காக்கும் கருவியின் குறையை அறியும் உரிமை நோயாளிக்கு இல்லையெனக் கூறுவார் யார்?

2015 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இக்கலையின் பயனையும் அதன் வழுவையும் ஒருங்கே காட்டுகின்றது. சார்ளி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் இருவர், ஜீப் செரோக்கி என்னும் மோட்டார் வண்டியினுள் இசை கேட்பதற்கும் வழி காண்பதற்கும் அமைந்த பொறியின் வழியே புகுந்து, வண்டியின் இயக்கத்தையே தொலைவிலிருந்து ஆளும் வழியைக் கண்டனர். பல மாதங்களுக்கு முன்னரே உற்பத்தியாளருக்கு அறிவித்தும் இருந்தனர். அவர்தம் முயற்சியின் பயனாக 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்திற்காக மீள அழைக்கப்பட்டன. ஆயினும் அதனை உலகிற்குக் காட்டவேண்டி, பத்திரிகையாளர் ஒருவர் செலுத்திய வண்டியைச் செயின்ற் லூயிஸ் நகரின் நெடுஞ்சாலையில், ஏனைய வாகனங்கள் விரையும் வேளையில், வேகமிழக்கச் செய்தனர். வண்டியிலிருந்தவர் உடன்பட்டார், சாலையிற் சென்ற ஏனையோர் உடன்பட்டிலர். அறிஞருட் பலர் இதனைக் கண்டித்தமை நேரிதே. பூட்டைத் திறப்பவன் அயலார் வீட்டுச் சுவரையும் நோக்குதல் வேண்டும்.

அடுத்த ஆண்டில் வேறொரு வழு நேர்ந்தது. சோதனை நிறுவனமொன்று, செயின்ற் யூட் நிறுவனத்தின் இதயக் கருவிகளிற் குறைகளைக் கண்டது. கண்டவற்றைச் செய்தவர்க்கு முதலில் அறிவியாது, அந்நிறுவனத்தின் பங்கு விலை வீழுமாயின் ஆதாயம் பெறும் முதலீட்டு நிறுவனமொன்றோடு கூடி, 2016 ஆகத்து மாதத்தில் உலகறிய வெளியிட்டது. நெஞ்சினுட் கருவியைத் தாங்கிய நோயாளருக்கு அச்சமே எஞ்சியது. குறை மெய்யெனப் பின்னர்த் தெரிந்தது. 2017 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 இதயமுடுக்கிகளுக்குத் திருத்தம் வகுக்கப்பட்டது. எனினும், திருத்தம் வருமுன்னர்ப் பிறர் அச்சத்தை விலைப்படுத்திய செயலை நெறியெனக் கொள்ளுதல் அரிது.

கருவிகளின் குறை எத்துணை எளியது என்பதனை 2016 இல் தோன்றிய மிராய் என்னும் தீநிரல் உலகுக்குணர்த்தியது. அது நுண்ணிய சூழ்ச்சி எதனையும் கையாண்டதன்று. கமராக்களும் இணைய வழிப்படுத்திகளும் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்பொழுது, ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடையனவாய் வருகின்றன. வாங்கியவர் பலர் அவற்றை மாற்றுவதில்லை. மாற்ற வேண்டும் என்பதையும் அறியார். இத்தகைய ஏறத்தாழ 60 சொற்சோடிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, மிராய் இணையமெங்குஞ் சென்று கதவு தட்டியது. அதன் உச்சநிலையில் ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள் அதற்கு அடிமையாயின. அக்கருவிகள் ஒரே காலத்தில் ஓரிடத்தை நோக்கிச் செய்திகளைச் சொரியுமாறு ஏவப்பட்டன. 2016 ஒக்ரோபர் 21 ஆந் திகதி, இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்னும் நிறுவனம் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பெயர்பெற்ற தளங்கள் பல சில மணிநேரம் அணுகவியலாதவாயின.

இந்நிரலை ஆக்கியோர் பேரரசொன்றின் ஒற்றர் அல்லர். இணைய விளையாட்டுக் களங்களின் போட்டியிலும் ஆதாயத்திலும் மனஞ்செலுத்திய இளைஞர் மூவர். அவர்கள் 2017 இற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அடுத்த ஆண்டில் நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பாது, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணிநேரச் சமூகப் பணியும் விதித்தது. அவர்கள் தம் அறிவைக் கொண்டு புலனாய்வாளருக்கு உதவிபுரிந்தமை அத்தீர்ப்பிற்கு ஏதுவாயிற்று. தீமைக்குப் பயன்பட்ட அதே அறிவு காவலுக்கும் பயன்பட்டது. அவ்விளைஞருக்கு நுட்பங் கற்பித்தார் பலர் இருந்திருக்கலாம். உரிய பருவத்தில் நெறியையும் உடன் கற்பித்தார் உளராயின், அவ்வழிகாட்டல் வழக்குமன்றம்வரை காத்திருக்க வேண்டியதின்று.

வரலாறு காட்டிய இப்படிப்பினைகளைச் சட்டங்களும் காலந்தாழ்த்தியேனும் ஏற்றன. 2015 இல் அமெரிக்கா, நன்னோக்கோடு கருவிகளை ஆராய்வார்க்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு தடையிலிருந்து விலக்களித்தது. 2018 இற் கலிபோர்ணியா மாநிலம் இயற்றிய சட்டமும், பிரித்தானியாவில் 2024 ஏப்பிரில் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், கருவிகள் யாவற்றிற்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்றலைத் தடுத்தன. குறை கண்டாருக்கு அதனை அறிவிக்கும் வழியையும் உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் எனப் பிரித்தானியச் சட்டம் விதித்தது. குறையை அறிவித்த பின்னர் எத்துணைக் காலம் பொறுத்தல் தகும் என்பதற்கும் மரபுகள் தோன்றின. கார்ணகி மெலன் நிலையம் 45 நாட்களையும், கூகிள் நிறுவனத்தின் ஆய்வுக்குழு 90 நாட்களையும் பொதுவரம்பாகக் கொண்டன. மறுபுறத்தில், உரிமையின்றிப் பிறர் கணினியினுட் புகுதல் குற்றமென்பது இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் துணிபு. இணையக் கருவியினுள் இருப்பதுங் கணினியே. ஆதலின், அயல்வீட்டுக் கமராவின் கடவுச்சொல்லை விளையாட்டாக ஊகித்துப் புகும் மாணாக்கன் கற்பவன் அல்லன், சட்டத்தை மீறுபவன்.

அங்ஙனமாயின், இக்கலையைக் கற்பார் எவ்வாறு கற்றல் வேண்டும்? முதற்படி, தமக்கே உரிய கருவியொன்றைப் பெற்று, வீட்டின் ஏனைய கருவிகளோடு தொடர்பில்லாத தனி வலையமைப்பில் அதனை வைத்தல். இரண்டாவது, அது திறந்து வைத்திருக்கும் வாயில்கள் எவையென எண்ணுதல். 1997 முதல் வழங்கிவரும் என்மாப் என்னும் நிரல் இதற்கு உதவும். மூன்றாவது, கருவி யாரோடு பேசுகின்றது, பேசுவதனை மறைத்துப் பேசுகின்றதா, வெளிப்படையாகப் பேசுகின்றதா என அதன் செய்திப் போக்கினை நோக்குதல். நான்காவது, கருவியை இயக்கும் உள்ளமைந்த நிரலைப் பிரித்து, அதனுட் கடவுச்சொற்கள் புதைந்துள்ளனவா என ஆராய்தல். ஐந்தாவது, சுற்றுப்பலகையில் உற்பத்தியாளர் தம் சோதனைக்கென விட்டுவைத்த இணைப்பு முனைகளைக் காணுதல். இப்படிகள் யாவினும் சிறந்தது ஆறாவது. கண்டதனை ஐயந்திரிபற எழுதி உரியவருக்கு அறிவித்தல். பயிற்சிக்கென வேண்டுமென்றே குறைகளோடு ஆக்கப்பட்ட நிரல்களும் உள. ஓவாஸ்ப் என்னும் அமைப்பினரின் ஐஓரி கோட் அவற்றுள் ஒன்று. அவ்வமைப்பு 2018 இல் வெளியிட்ட இணையக் கருவிக் குறைகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே. மிராய் தட்டிய கதவும் அதுவே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று வரம்புகள் புலனாகின்றன. உடன்பாடு முதலாவது, அறைகூவலை ஏற்ற ஹொப்சையும் அவையை மறித்த மஸ்கெலினையும் பிரிக்குங் கோடு அது. தொடர்பில்லார்க்குத் தீங்கு நேராமை இரண்டாவது. நெடுஞ்சாலைச் சோதனை தவறவிட்டது அது. முதலில் உரியவருக்கு அறிவித்துத் திருத்தத்திற்குக் காலமளித்தல் மூன்றாவது. பங்கு விலையை நோக்கியவர் கைவிட்டது அது. இம்மூன்றும் நுட்பத்தின் பாற்பட்டவை அல்ல, ஒழுக்கத்தின் பாற்பட்டவை. ஆதலின் இக்கலையைக் கற்பித்தல் கணினி ஆசிரியர் ஒருவருக்கே உரிய பணியெனக் கொள்ளுதல் ஆகாது. வரலாறு கற்பிப்பாரும் ஒழுக்கங் கற்பிப்பாரும் அதிற் பங்குகொள்ளுதல் வேண்டும்.

கற்பியாது விடுதலால் அறிவு மறைந்துபோவதில்லை. அது நல்லார் கையினின்று நீங்குகின்றது; அவ்வளவே. ஊர்காப்பாளன் களவுநூல் கல்லாதொழியின், அந்நூலை ஓதுபவன் பொற்கொல்லன் ஒருவனாகவே இருப்பான். அவன் சொல்லைச் சோதித்தறிய வல்லார் ஊரில் எவரும் இல்லாதபொழுது, பழிசுமப்போர் குற்றமற்றோரே ஆவர். வீடுதோறும் கருவிகள் கண் விழித்திருக்கும் இக்காலத்தில், அக்கருவிகளைக் காக்கும் கண்களை இளமையிலேயே திறந்து, அவற்றிற்கு நெறியென்னும் இமையையும் அளித்தல் கல்விக்கூடங்களின் கடனாகும்.